ஓட்டை எங்கேயோ, தட்டும் அங்கே

போன வாரம் குழியில் நடந்தது என் காதுக்கு வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் மூன்று பேரில் யாரோ ஒருத்தி, சுடுகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதென்று, தட்டை ஒரு சாண் தள்ளிக் காட்டியிருக்கிறாள். யாரென்று கேட்க மாட்டேன். கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் கிள்ளானில் ஒருத்தி என்னை உட்கார வைத்துத் திட்டுவாள். அவள் யாரென்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேச என் பேத்தி போனில் அடிக்கிறாள். நான் 'வந்துச்சு' என்றால் அவள் 'வந்தது' என்று போடுகிறாள். போடட்டும், படித்த பிள்ளை. ஆனால் அடுத்தவர் பேசியதை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே போடு, அதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். நான் உங்களிடம் சொல்ல வந்ததும் அதுதான். அடுத்தவருடையதில் கை வைக்காதீர்கள்.

நம் வேலையை வெளியே சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. கிள்ளானில் நான் போகும் கோயிலில் ஒரு அம்மா கேட்டார், "துப்பாக்கி சுடுற எடத்துலயா வேலை பாக்குறீங்க? நீங்களா?"

"சுடுற எடத்துல இல்லம்மா. குண்டு வந்து விழற எடத்துல."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா எனக்கு மட்டும் இரண்டு வடை கூடுதலாக வைத்தார்.

நம் ரேஞ்ச் டெங்கிலைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. அந்தக் கோடியில் சுடுகிறவர்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி இந்தக் கோடியில், கனமான சுவருக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கும் ஆழமான குழியில் நாம். இலக்குத் தாள் ஒட்டிய சட்டத்தை மேலே ஏற்றுகிறோம். குண்டு நம் தலைக்கு மேலே தாளைத் துளைத்துக்கொண்டு பின்னால் உள்ள மண்மேட்டில் போய்ப் புதைகிறது. சட்டத்தை இறக்கி, ஓட்டையைத் தேடி, அதன் மேல் துண்டுத் தாளை ஒட்டி, மறுபடி ஏற்றி, கழியின் முனையில் இருக்கும் சிவப்புத் தட்டை ஓட்டை விழுந்த இடத்தில் வைத்துக் காட்டுகிறோம். தட்டு தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு அளவுதான். அந்தக் கோடியில் படுத்திருப்பவர் தூரக்கண்ணாடியில் அதைப் பார்த்துத்தான் தன் குண்டு எங்கே போனது என்று தெரிந்துகொள்கிறார். வேறு வழியே அவருக்குக் கிடையாது.

வேலை இவ்வளவுதான். குரங்கு வந்து பசை வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவது தனி. மாவுப் பசையில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து வையுங்கள், வராது. வந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகும். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இருபத்து மூன்று வருடம் அந்தக் குழியில் நின்றேன். ஒரு நாள்கூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் தாளை இறக்கினால் போதும், அந்தக் கோடியில் படுத்திருப்பவரின் குணம் தெரிந்துவிடும். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மூச்சை ஒரே இடத்தில் நிறுத்தத் தெரியாதவர். விசையை இழுக்கும்போதே 'பட்டுச்சா' என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு எங்கே விழும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்றும் காதால் கணக்கு வைத்திருப்பேன். சரியான ஆள் என்றால் நேரம் ஒரே மாதிரி இருக்கும், இடியாப்பம் பிழிகிற மாதிரி. திடீரென்று ஒரு குண்டுக்கு மட்டும் நேரம் இழுத்தால் நான் சட்டத்தை இறக்கும் முன்பே சொல்லிவிடுவேன், இது வெளியே என்று. ரொம்ப நேரம் குறி பார்த்தால் கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும். பாதியில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டு மறுபடி எடுக்கலாம், யார் வேண்டாமென்றார்கள்? எடுக்க மாட்டார்கள். ரோஷம்.

எத்தனை பேரைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா?

பங்சாரிலிருந்து ஒரு லாயர் வருவார். நல்ல மனுஷன். ஆனால் அவருடைய தாளைப் பார்த்தால் அம்மை போட்ட பிள்ளையின் முதுகு மாதிரி இருக்கும். முதல் குண்டு வலப்பக்கம் போனால் உடனே துப்பாக்கி மேலிருக்கும் குறி திருத்தும் திருகை இடப்பக்கம் திருப்புவார். அடுத்தது இடப்பக்கம் போகும். மறுபடி வலப்பக்கம் திருப்புவார். மேலே போனால் கீழே, கீழே போனால் மேலே. காலையிலிருந்து மதியம் வரை அவர் என் தட்டைத் துரத்துவார், தட்டு அவரைத் துரத்தும். சாப்பிட வரும்போது, "இந்த லாட் புல்லட்டே சரியில்ல ஆன்டி" என்பார். இன்னொரு நாள் துப்பாக்கி சரியில்லை. ஒரு நாள் காலையில் தின்ற நாசி லெமாக் சரியில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை அவர் சுட்டார், நான் ஒட்டினேன், ஏற்றினேன், தட்டைக் காட்டவில்லை. வாக்கி-டாக்கி அலறியது.

"குழி! மூணாம் நம்பர்! ஏன் காட்டல?"

"ஒண்ணையும் திருப்பாம அஞ்சு சுடுங்க சார். அஞ்சையும் சேத்துக் காட்டுறேன்."

"என்ன வெளையாடுறீங்களா? நான் மெம்பர், தெரியுமில்ல?"

"நீங்க மெம்பர்தான் லா. அது ஓட்டைக்குத் தெரியுமா?"

பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஐந்து சுட்டார். சட்டத்தை இறக்கினேன். ஐந்தும் ஒரு வாழையிலைத் துண்டுக்குள் கூடி உட்கார்ந்திருந்தன, நடுவுக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கம். அதுவரை அவர் வாழ்க்கையில் நடந்திராத விஷயம். ஐந்து இடத்திலும் தட்டை வைத்துக் காட்டினேன். ஒரே ஒரு தடவை திருகைத் திருப்பினார். அடுத்த ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள்.

மத்தியானம் வந்து, "ஆன்டி, இந்த லாட் புல்லட் நல்லா இருக்கு" என்றார். நான் என்ன செய்ய? சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

ஒரு ஓட்டை எதையும் சொல்லாது. அது கை நடுக்கமாகவும் இருக்கலாம், கொசுக்கடியாகவும் இருக்கலாம். நாலைந்து ஓட்டைகள் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது பேச்சு. இதை நான் சுடுகிறவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்லக் கோச் இருக்கிறார். உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டு 'ஐயோ' என்று வாக்கியில் கத்துகிறீர்களாம்.

அன்றைக்கு லாயர் புகார் சொல்லி, எங்கள் சார்ஜன் என்னைக் கூப்பிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து குழியைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரர். பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை, சார்ஜன் என்றால் அவர்தான். டெங்கில் தோட்டத்தில் நம் ஆட்களோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஒவ்வொரு வார்த்தையையும் கல் மாதிரி எடுத்து வைப்பார்.

"தங்காச்சி, காட்டாம இருந்தே. சொல்லிட்டு இருந்தே. அது பரவால்ல. மாத்திக் காட்டினே, உன்னை நான் வூட்டுக்கு அனுப்பிருவேன்."

"நான் ஏன் சார்ஜன் மாத்திக் காட்டப் போறேன்?" என்று சிலிர்த்துக்கொண்டேன்.

சிலிர்த்தேனா? அதற்கு அடுத்த வருடமே காட்டினேன். போன வாரம் நீங்கள் செய்ததை உங்களுக்கு முன்னால் செய்தவள் நான்தான். அதனால்தான் யாரென்று கேட்கவில்லை.

மாலினி என்று ஒரு பிள்ளை. பிரிக்பீல்ட்ஸில் வீடு, கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். சுடுகிற இடத்தில் குழி ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. சட்டம் தானாக ஏறி இறங்குகிறது என்று நினைப்பு. இந்தப் பிள்ளை மட்டும் படுக்கும் முன் வாக்கியில் கேட்கும், "ஆன்டி, சாப்டீங்களா? தண்ணி இருக்கா?" வருகிறபோதெல்லாம் குழிக்கு என்று ஒரு பொட்டலம் இருக்கும். எனக்கு அவள் மேல் உயிர்.

அவளுக்கு ஒரே ஆசை, மாநிலக் குழுவில் இடம். நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். இரண்டு வருடம் முயன்று இரண்டு முறையும் கொஞ்சத்தில் போனது. சனி, ஞாயிறு எல்லாம் மற்ற நர்ஸுகளிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டுதான் வருவாள். மூன்றாம் வருடத் தேர்வுக்கு முன்னால் சொன்னாள், மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இன்னும் எத்தனை வருடம் விடுவாரோ தெரியவில்லை என்று.

தேர்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் ஐந்து குண்டு சரிபார்ப்புக்கு. அதற்கு ஒவ்வொன்றாகத் தட்டைக் காட்டுவோம், அவர்கள் திருகைத் திருத்திக்கொள்வார்கள். அதன் பிறகு புதுத் தாளில் பத்துக் குண்டு. அதற்குத் தட்டு கிடையாது. முடிந்ததும் தாளைச் சுருட்டாமல் மேசைக்குக் கொண்டுபோவோம், அதிகாரிகள் எண்ணுவார்கள். சுட்டவருக்கு மதிப்பெண்ணை மட்டும்தான் சொல்வார்கள், தாளைக் காட்ட மாட்டார்கள்.

அன்றைக்கு மாலினியின் முதல் குண்டு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. காற்றா, முந்தின நாள் துடைத்தபோது திருகு நகர்ந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது நம் வேலையும் இல்லை. கழியை எடுத்தேன். காலையில் அவளைப் பார்த்திருந்தேன், முகத்தில் ரத்தமே இல்லை. பேச்சுக்குப் பேச்சு, "இந்த வாட்டியும் போச்சுன்னா?" என்றுதான் வந்தது. முதல் தட்டே வெளியே போனதைப் பார்த்தால் பிள்ளை உடைந்துவிடும் என்று என் மனசு சொன்னது. முதலில் தைரியம் வரட்டும், கை தானாகச் சரியாகும்.

தட்டை நடுவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டாவதும் அதே வலப்பக்கம். நடுவில் வைத்தேன். ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் எப்படி மாற்றுவது? ஐந்தையும் அப்படியே காட்டினேன். கை கூசவில்லை. நல்லது செய்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். சார்ஜன் அன்றைக்கு மேலே, சுடுகிறவர்கள் பக்கம் நின்றார்.

பத்துக் குண்டும் முடிந்து தாளை இறக்கினேன். இருபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன். பத்தும் ஒரு ஊத்தப்பம் அகலத்துக்குள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. அத்தனையும் வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி.

அந்தப் பிள்ளையின் கை தங்கம். நான் உண்மையைக் காட்டியிருந்தால் திருகை ஏழெட்டுக் கிளிக் திருப்பியிருப்பாள். பத்தும் மொத்தமாக அப்படியே நடுவுக்கு வந்திருக்கும். முதலிடம்கூட வந்திருப்பாளோ என்னவோ.

புகார் சொல்ல அரை மணி நேரம் உண்டு. அந்த அரை மணி நேரம் நான் குழியில் பசை வாளியைக் கழுவினேன். கழுவிய வாளியையே மறுபடி கழுவினேன். மேலே போய், 'நான்தான் மாற்றிக் காட்டினேன், மறுபடி சுட விடுங்கள்' என்று சொன்னால் போதும். வேலை போகும் என்று பயம். அதைவிட, அவள் முகத்தைப் பார்க்கப் பயம். தட்டை மாற்றி வைத்தது ஒரு தப்பு. கொஞ்சம் அறிவு இருக்கிறவள் அந்த அரை மணியில் அதைச் சரிசெய்திருப்பாள். நான் வாளி கழுவினேன்.

அவள் பெயர் வாசிக்கப்படவில்லை.

அதன் பிறகு மாலினி வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ரேஞ்ச் கந்தின் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"விட்டுட்டேன் ஆன்டி. கன் மேல ஒரு தப்பும் இல்ல. அஞ்சு குண்டு நடுவுல போச்சு, நீங்கதானே காட்டுனீங்க? அப்புறம் பத்தும் வெளிய போவுதுன்னா கைதான் தப்பு. முக்கியமான நேரத்துல என் கை என்னை ஏமாத்துது."

"அப்படில்லாம் இல்லம்மா..."

"இல்ல ஆன்டி. சென்டர்லயும் இப்ப அப்படித்தான். ஊசி குத்தப் போறப்ப கை நிக்குது. இதுவும் வெளிய போயிருமோன்னு தோணுது. போன வாரம் ஒரு தாத்தாவுக்கு ரெண்டு வாட்டி குத்திட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, பாவம். மேட்ரன்தான் பாத்துக்கிட்டே நின்னாங்க."

நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தது வெறும் காகிதத்தில் என்று நினைத்திருந்தேன். அது போய் ஒரு நர்ஸின் கையில் விழுந்திருக்கிறது. அங்கேயிருந்து யாரோ ஒரு தாத்தாவின் கையில்.

அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், "இன்னொரு கரிபாப் எடுத்துக்கம்மா" என்று வந்தது. என்னை நானே எத்தனை தடவை அறைந்துகொள்வது?

சார்ஜனிடம் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கெசியான் பாத்தே," என்றார். இரக்கப்பட்டாய் என்கிறார். "கெசியானை வூட்ல வை, தங்காச்சி. குழிக்குக் கொண்டு வராதே. குழிக்கு ஓட்டை மட்டும் தெரியணும்."

"இப்ப நான் என்ன செய்ய சார்ஜன்?"

"ஆபீசுக்கு நான் எழுதுறேன். அவளுக்கு நீ சொல்லு. உன் வாயால."

மூன்று மாதம் என்னைக் கழியைத் தொட விடவில்லை. பசை காய்ச்சினேன், சட்டம் தேய்த்தேன். அது சின்னத் தண்டனை. பெரியது அந்த ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ரயில் வழக்கம்போல நடுவில் நின்றது. நிற்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். எழுத்து படிக்கத் தெரியாததால் மூன்று பேரிடம் புளோக் நம்பர் கேட்டு, லிப்ட் வேலை செய்யாமல், நாலு மாடி ஏறி அவள் கதவைத் தட்டினேன்.

உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் மறுபடி கரிபாப் பற்றிப் பேசிவிடுவேன்.

மாலினி கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள், "அஞ்சும் எங்க இருந்துச்சு?"

"வலது பக்கம். ஒரு சாண்."

"பத்து?"

"அதே எடத்துல. ஒரு ஊத்தப்பம் அளவுக்குள்ள. உன் கை மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என் கை."

"அஞ்சு மாசம், ஆன்டி." குரல் உயரவில்லை. "அஞ்சு மாசமா நான் என் கையைப் பாத்துப் பயந்துட்டிருக்கேன். நீங்க என் மேல பாசத்துல செஞ்சீங்க, சரி. அந்தப் பாசத்தை வச்சு நான் என்ன பண்றது? போங்க ஆன்டி. இப்ப எந்திரிச்சுப் போங்க."

போய்விட்டேன். நாலு மாடியும் இறங்கும்போதுதான் முழங்கால் வலி தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அலமாரிச் சாவியைத் திரும்பக் கேட்டு வந்தாள். மேட்ரனிடம் பேசி இன்னும் ஒரே ஒரு வருடம் வாங்கியிருக்கிறாள், அதற்கு மேல் வாரக்கடைசி கிடையாதாம். ஆபீசில் வேறொரு குழி ஆளைப் போடுகிறோம் என்றார்களாம். அவள் வேண்டாமென்றிருக்கிறாள். சார்ஜனுக்கே ஆச்சரியம். என் எதிரிலேயே அவளிடம் கேட்டார், ஏன் என்று.

"மத்தவங்க எனக்காகப் பொய் சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது சார்ஜன். இவங்க சொல்லி மாட்டிக்கிட்டாங்க. இனி செத்தாலும் சொல்ல மாட்டாங்க." என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "அய்யோ பாவம்னு ஒரு இஞ்ச் நகத்துனீங்க..."

"நகத்த மாட்டேன்."

"பாப்போம்."

தேர்வு நாள். காலையில் காற்றே இல்லை, கொடிகள் செத்த மாதிரி தொங்கின. மாலினி படுக்கும் முன் வாக்கியில் வழக்கமான குரல் வந்தது, "ஆன்டி, சாப்டீங்களா?" ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொன்னேன். அழுதால் ஓட்டை தெரியாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதல் குண்டு நடுவில். காட்டினேன். இரண்டாவதும் நடுவில். அதற்குள் செம்பனைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே மட்டைகள் சரசரத்தன. மூன்றாவது குண்டு.

சட்டத்தை இறக்கினேன். இடப்பக்கம், ஒரு சாணுக்கும் மேலே.

கழி என் கையில் கனத்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில்கூட என் புத்தி என்னிடம் பேசியது. இரண்டு நடுவில் போய்விட்டது, இது ஏதோ கைத்தவறு, இதைக் காட்டினால் பயந்து திருகைத் திருப்புவாள், லாயர் மாதிரி துரத்த ஆரம்பிப்பாள், எல்லாம் கெட்டுப்போகும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால்தான் என்ன? அவளுக்கு இதுதான் கடைசி வருடம். என் பக்கத்தில் நின்ற சார்ஜன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுத்தாளை ஒட்டினேன், சட்டத்தை ஏற்றினேன். ஓட்டை இருந்த இடத்திலேயே தட்டை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை, நன்றாகப் பார்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தேன்.

நாலாவது குண்டு சீக்கிரம் வந்தது. நேரம் கூடவில்லை, குறையவில்லை. இடியாப்பம் பிழிகிற அதே நேரம். அப்படியென்றால் அவள் பயப்படவில்லை, திருகையும் தொடவில்லை. ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் இன்னொன்றைக் கேட்கிறாள். இறக்கினேன். மூன்றாவதற்குப் பக்கத்திலேயே, அதே இடப்பக்கம். அங்கேயே தட்டை வைத்தேன்.

இப்போது அந்தக் கோடியில் நீண்ட மௌனம். எண்ணினேன். இந்த மௌனம் வேறு, இது குறி பார்த்து இழுக்கிற மௌனம் இல்லை. பிள்ளை கொடிகளைப் பார்க்கிறாள். காற்று மாறிவிட்டதென்று தெரிந்துகொண்டாள். திருகைத் திருப்புகிறாள். முந்நூறு மீட்டர் தள்ளி அந்த 'கிளிக், கிளிக்' எனக்கு எப்படிக் கேட்கும்? ஆனால் கேட்ட மாதிரிதான் இருந்தது.

ஐந்தாவது, பட்டென்று நடுவில்.

"ஹா!" என்று கத்திவிட்டேன். சார்ஜன், "டியாம்! சத்தம் போடாதே!" என்று அதட்டினார். அவர் மீசையும் சிரித்தது.

பத்துக் குண்டும் மழைக்கு முன்னால் முடிந்தது. தாளை இறக்கிப் பார்த்தேன். ஒன்பது நடுவில் குவிந்திருந்தன. ஒன்று தனியாக, கீழே, இடப்பக்கம். தாளை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு ஓடினேன். கொடுத்த பிறகுதான் மாலினி பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு வெளிய போயிருச்சும்மா," என்றேன். ஒன்பது நடுவில் என்பதை முதலில் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, அந்த அளவுக்கு எனக்குப் பயம் பிடித்திருந்தது.

"கீழ, லெப்ட்டா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏழாவது. வெரல் அவசரப்பட்டுச்சு. போனப்பவே தெரியும் ஆன்டி." தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "மத்த ஒம்பதும் சரியாத்தான் போச்சுன்னும் தெரியும்."

நான்கு பேரில் நாலாவதாக அவள் பெயர் வாசிக்கப்பட்டது. அன்றைக்கு மழையில் நான் ஆடிய ஆட்டத்தை யாரோ போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இதை இவ்வளவு நேரம் ஏன் சொல்கிறேன்? போன வாரம் தட்டை நகர்த்தியவள் கெட்டவள் இல்லை. நல்லவள்தான் நகர்த்துவாள், அதுதான் எனக்கு எரிச்சல். இன்றைக்கே மேலே போய், 'நான் மாற்றிக் காட்டினேன்' என்று சொல்லிவிடு. அரை மணி நேரம் போயிருந்தால் பரவாயில்லை, ஐந்து மாதம் ஆக விடாதே. பசை காய்ச்சச் சொல்வார்கள். காய்ச்சு. வேப்பெண்ணெய் கலக்க மறக்காதே.

என் கதைக்கு வருகிறேன். போன வருடம் எனக்கும் சிறுநீரகம் போய்விட்டது, அதனால்தான் குழியை விட்டேன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் கிள்ளானில் அந்த நாற்காலியில் உட்காருகிறேன். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பேச்சுக்கு அளவு இல்லை, நல்ல வேளை. ஊசி குத்துவது யாரென்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பிரஷர் ஏறினால் திட்டுவதும் அவள்தான்.

முதல் நாள் அந்த ஊசியைப் பார்த்தேன். நம் கழியில் பாதி இருக்கும் போலிருந்தது. "மாலினி, வலிக்குமாம்மா?" என்று கேட்டேன். வலிக்காது ஆன்டி, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று சொல்வாள் என்று ஆசையோடு அவள் வாயைப் பார்த்தேன். எல்லா நர்ஸும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

என் கையைப் பிடித்து, நரம்பைத் தடவி, இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வலிக்கும் ஆன்டி. நல்லாவே வலிக்கும். ஆடாம இருங்க, ஒரே வாட்டிதான்."

வலித்தது. ஒரே தடவைதான்.